எழுத்தர் வேலைக்கும் தேர்தலா?

நம் காலனி அன்பர் ஒருவரின் புதல்வர் அமெரிக்க நாட்டிலே கென்டக்கி மாநிலத்தில் பணிபுரிகிறார். விடுமுறையில் ரஞ்சன்காவ் வந்திருந்த அவர், 2024 நவம்பரில் அங்கு நடந்த தேர்தலைப் பற்றிப் பேசுகையில், நீதிமன்ற எழுத்தர் பதவிக்கு நிற்போரின் பெயர்ப்பலகைகள் வீட்டு வாசல்கள்தோறும் நடப்பட்டிருந்தன என்றார். இரயில்வே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தர் நாற்காலியைத் தேய்த்துவரும் அடியேனுக்கு இது பெருவியப்பாயிற்று. நாமோ வேலையை விட்டு விலகினாலன்றி ஒரு நகராட்சி வார்டுக்கும் நிற்க இயலாதவர்கள். நம் நீதிமன்றத்துச் சிரஸ்தார் கைகூப்பிக்கொண்டு வாக்குக் கேட்டு வீதிவலம் வருவதை எண்ணிப் பாருங்கள்!

எனினும் அந்நாட்டார் இதனை விளையாட்டாகச் செய்யவில்லை. நியூயார்க்கு மாநிலத்தில் தொடக்கத்தில் ஆளுநரும் நான்கு செனட்டர்களும் அடங்கிய நியமனக் குழு ஒன்றே பதவிகளை வழங்கிவந்தது. ஆளுங்கட்சி மாறுந்தோறும் அலுவலர்களும் மாறினர். வெறுத்துப்போன மக்கள் 1821-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அக்குழுவையே ஒழித்து, கவுன்டி எழுத்தரைக் குடிமக்களே மூன்று ஆண்டுகளுக்கொருமுறை தேர்ந்தெடுக்க வகை செய்தனர். கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி. புளோரிடாவில் நீதிமன்ற எழுத்தரே கவுன்டியின் கணக்கரும் தணிக்கையாளரும் பொதுப்பணத்தின் காவலரும் ஆவார். நீதிமன்றத் தாள்களும் ஊர்ப்பணமும் ஒருவர் கையில்! அவரை மக்கள் தேர்ந்தெடுக்க விரும்பியதில் வியப்பில்லை. கென்டக்கியில் இன்னும் ஒரு படி மேலே சென்று, தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற்ற பின்னரே நீதிமன்ற எழுத்தர் பதவிக்கு நிற்கலாம் என்று விதித்துள்ளனர். முதலில் பரீட்சை, பிறகு தேர்தல். இம்முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் வாக்குச்சீட்டு ஒன்றே எல்லாக் குறையையும் தீர்த்துவிடுமா? அதே கென்டக்கியில் ரோவன் என்னும் கவுன்டி உண்டு. அங்குக் கவுன்டி எழுத்தர் (இது வேறு பதவி) நாற்காலியில் ஓர் அம்மையார் 37 ஆண்டுகள் அமர்ந்திருந்தார். அவருக்குப்பின் 2014-இல் தேர்தலில் வென்று அந்நாற்காலிக்கு வந்தவர் அவருடைய மகள் கிம் டேவிஸ். 2015-இல் திருமண உரிமம் வழங்க மறுத்து, நீதிமன்ற ஆணைக்கும் பணியாமல், சில நாள் சிறையிலும் இருந்தவர் இவரே. என்னைப் போன்ற எழுத்தர் அப்படிச் செய்திருந்தால் மறுநாளே இடைநீக்க ஓலை வந்திருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்க மேலதிகாரி ஏது? 2018-இல் வாக்காளர் அவரைத் தோற்கடிக்கும்வரை பதவியில் இருந்தார். தாய்க்குப்பின் மகள் என்ற செய்தியே என் சிந்தையைக் கிளறியது. பரம்பரைக் கணக்கர் என்றால் நமக்குத் தெரியாததா?

நாம் வாழும் இம்மராட்டிய மண்ணில், மகாகணபதி கோயில் கொண்ட இவ்வூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும், பாட்டீல் ஊரை ஆண்டார். குல்கர்ணி கணக்கை எழுதினார். இரண்டும் தலைமுறை தலைமுறையாக வந்த வதன் உரிமைகள். குல்கர்ணியின் ஏடு மோடி என்னும் விரைவெழுத்தில் இருக்கும். உழவனுக்குத் தன் நிலத்தின் வரி எவ்வளவு என்பது அவர் வாசித்துச் சொன்னால்தான் தெரியும். புனாவின் மகாத்மா ஜோதிராவ் பூலே 1883-இல் எழுதிய 'உழவனின் சாட்டை' என்னும் நூலில் இக்கொடுமையைச் சாடினார். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பம்பாய் மாகாணத்தில் குல்கர்ணி வதன்கள் ஒழிந்தன. நம் தமிழகத்துக் கர்ணங்களோ மேலும் முப்பது ஆண்டுகள் நீடித்து, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டத்தால் பதவி இழந்தனர். அவர்கள் இடத்தில் அரசுத் தேர்வு எழுதிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்.

இவற்றுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டு முன்னர், காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில் நம் முன்னோர் என்ன செய்தனர்? குடவோலை என்றதும் பெருமிதம் கொள்கிறோம். முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921-ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசித்தான். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திராமைக்கு இவ்வளவு கவனம்! இதுவும் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவருக்கான ஏற்பாடே. பெண்டிரும் உழைப்பாளரும் அக்குடத்தில் இல்லை. அதை மறைத்துப் பெருமை பேசுதல் தகாது.

ஆயினும் நான் சொல்லவந்தது குடத்தைப் பற்றியதன்று. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என ஓலை எடுத்தவர்கள், கணக்கனைக் குடத்தில் இடவில்லை. அவனுக்கெனத் தனி விதிகள் செய்தனர். நேர்மையாகப் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுதவேண்டும். எழுதிய கணக்கைப் பெரியோர்க்குக் காட்டி, தூயவன் என்று தெளிவிக்கப்படும்வரை மறுபடி அப்பணியில் புகக்கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும். வேறு கணக்கன் புகுந்து அதனை முடித்துவைத்தல் ஆகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது என்றனர். தம்பி, மாமன், மாமனார் என்று உறவுகளை வரிசையாகக் கல்லில் எழுதியிருப்பதைக் காணும்போது, அவ்வூரார் எத்துணை பட்டறிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எழுத்தன் எவ்வழியில் வந்தான் என்பதைக் காட்டிலும், எப்படி வெளியேறுகிறான் என்பதில் அவர்கள் கண்வைத்தனர். அமெரிக்கர் வாசலுக்குக் காவல் வைத்தனர். உத்தரமேரூரார் புழைக்கடைக்கும் காவல் வைத்தனர். எழுத்தர் தொழிலில் இருப்பவன் என்னும் உரிமையால் சொல்கிறேன், எங்களுக்கு இரண்டாவது காவலே மிகவும் வேண்டும்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. வரும் பொதுக்குழுவில் நம் சங்கப் பொருளாளர் பதவிக்கு என் பெயரை அன்பர் சிலர் முன்மொழிய இருக்கின்றனர். பல நாள் தயங்கியபின் இசைந்தேன். "உங்களுக்கு எதற்கு இந்த வம்பு?" என்று இல்லத்தரசி கேட்டாள்; விடை கூற இயலவில்லை. போட்டிக்கு வேறொருவர் வருவாராயின் மகிழ்ச்சியே, வாக்கெடுப்பு நடக்கட்டும். நான் வென்றால், அடுத்த ஆண்டு விழா நாளன்று காலை பத்து மணிமுதல் பேரேடும் பற்றுச்சீட்டுக்களும் மண்டப வாயில் மேசைமேல் இருக்கும். பக்கத்தில் நானும் இருப்பேன். மூக்குக்கண்ணாடி மறவாது கொண்டுவருக. என் கையெழுத்துச் சிறியது.