துறைமுகம் அழைத்த கைகள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், சாம்பல்தீவை அடையுமுன், உப்புவெளிப் போர் மயானம் இருக்கின்றது. பிரித்தானியர், இந்தியர் முதலிய பல நாட்டவர் அங்கே துயில்கின்றனர். போரில் மாண்டவர் எந்நாட்டவராயினும் அவருக்கு ஒரு நடுகல் கிடைத்தது. அத்துறைமுகத்தில் உழைத்து உயிரோடிருந்த வேற்று நாட்டவருக்கு அவ்வூரில் நிலையான இடம் கிடைத்ததா என்பதே ஆராயத்தக்கது.

இயற்கை அமைத்த அத்துறைமுகத்தை முதல் உலகப் போருக்குப் பின் பிரித்தானியர் பெரிதும் விரிவுபடுத்தினர். சீனன்குடாவில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் எண்ணெய்த் தாங்கிகள் நூற்றுக்கு மேல் எழுந்தன. உள்ளூர்த் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகியோருடன் மலையாளிகளும் தமிழகத்தாரும் துறைமுக வேலைகளில் சேர்ந்தனர்.

ஆனால் 1930களில் உலகெங்கும் வணிகம் மந்தமுற்று, வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தபோது, இந்தியத் தொழிலாளர்மீது பகைமை மூண்டது. 1939இல் அரசுத் திணைக்களங்களின் நாட்கூலி இந்தியரை விலக்க இலங்கை அரசு முற்பட்டது. சவகர்லால் நேரு நேரில் வந்து பேசியும் அம்முடிவு நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடுத்தது.

பின்னர்ப் போர் வந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் திருகோணமலையின் மதிப்பு உயர்ந்தது. ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. கப்பலைச் செப்பனிடவும் சுமையிறக்கவும் கைகள் வேண்டியிருந்தபோது, அக்கை எந்நாட்டுக்கு உரியது என்ற ஆராய்ச்சி பின்னுக்குப் போயிற்று.

அமைதி திரும்பியதும் அவ்வாராய்ச்சியும் திரும்பிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி இலங்கைப் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 சனவரி முதல் நாளுக்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வசித்திருத்தல் வேண்டும் என்றது. ஆகவே, போர் தொடங்கியபின் வந்த ஒருவர், எத்துணை உழைத்திருப்பினும், அக்கணக்கை எட்டுதல் இயலாது. தேவை மிகுந்த ஆண்டுகளில் வந்தவருக்கே கதவு அடைபட்டது.

1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் இறைமைக்கு அது பெருமைதரும் நாள். ஆனால் பிரித்தானியக் கப்பற்படையை நம்பியிருந்த வேலைகள் சுருங்கின. குடியுரிமை உள்ளவர் வேலையை இழந்தால் வேறு வேலை தேடலாம். அஃது இல்லாதவருக்கோ வேலையோடு ஊரும் நழுவும்.

இந்திய வம்சாவளியினரின் நிலையைத் தீர்க்க 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோராகப் பிரிக்கப்பட்டனர். 1,50,000 பேரின் நிலை பிற்காலப் பேச்சுக்கு விடப்பட்டது. எஞ்சியவருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலும் தேவைப்பட்டது.

பல நாட்டவரை ஒரே பட்டறையில் நிறுத்துதல் எளிது; கூலிப் பட்டியல் அதற்குப் போதும். அவர்களைச் சமூகத்தில் நிலைபெறச் செய்வதற்குச் சட்டத்தின் பாதுகாப்பும், நிகரான வாய்ப்பும், வேலை முடிந்தபின் வாழும் வழியும் வேண்டும். இவை இல்லாதபோது, ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்ற பழமொழியே தொழிற்கொள்கை ஆகிவிடுகிறது.