பச்சை எழுத்தும் நான்காவது படியும்

2007-ல் நடந்தது. நாக்பூர் கிளையில் நான் புது ஆபீசர். கோர் பேங்கிங் வந்து இரண்டே மாதம். ஒரு பெரியவர் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முடிக்க வந்தார். திரையில் உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன். மூன்றாவது படியில் 'அபராத வட்டி' என்ற சொல்லுக்கு அடியில் கோடு. சொடுக்கினேன். வேறு பக்கம், அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வந்தவன் நேராக ஐந்தாவது படிக்குப் போய்விட்டேன். நான்காவது என்ன தெரியுமா? டெபாசிட் மேல் கடன் உண்டா என்று பழைய லெட்ஜரைப் பார்ப்பது. கடன் இருந்தது! முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. (மறுநாளே திருப்பிக் கட்டினார், நல்ல மனுஷர். மேனேஜர் சொன்னதை இங்கே எழுத முடியாது.)

சுட்டியை அந்த இடத்தில் வைக்க யார் சொல்லிக் கொடுத்தது? பி.காம். படித்தவனுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள், தேடிப் படித்தேன்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970-களில் செய்த 'ஸாக்' மென்பொருளில் மேலே விஷயம், கீழே மெனு. படித்து முடித்தபின்தான் எங்கே போவது என்ற கேள்வி. பிறகு அமெரிக்கக் கடற்படையின் கார்ல் வின்சன் கப்பலில் இதை நிறுவினார்கள். 1983-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழு 'ஹைப்பர்டைஸ்' வேலையை ஆரம்பித்தது. மெனு எதற்குத் தனியாக, வாக்கியத்தில் இருக்கும் சொல்லையே ஒளிர விட்டால் போதுமே என்றார்கள். இடமும் மிச்சம்.

ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சொல்லைத் தேர்ந்தெடுத்தால் உடனே பக்கம் மாறாது. திரையின் அடியில் சின்ன விளக்கம் வரும். போதுமென்றால் விட்ட இடத்திலிருந்தே படிக்கலாம், வேண்டுமென்றால் உள்ளே போகலாம். 1990-ல் விண்டோஸ் 3.0-உடன் வந்த வின்ஹெல்ப்பிலும் இந்த நிதானம் இருந்தது. பச்சை எழுத்தில் புள்ளிக்கோடு என்றால் விளக்கம் மட்டும் குட்டிப் பெட்டியில் வரும், முழுக்கோடு என்றால் வேறு பக்கம். கோட்டைப் பார்த்தே ஆழம் தெரியும்.

வலை வந்தபோது ஒரே வகைக் கோடுதான். சொடுக்கினால் ஆள் அங்கே இல்லை! 1997-க்குப் பிறகு உதவிப் பக்கங்களும் எச்.டி.எம்.எல்.லுக்கு மாற, புள்ளிக்கோடு மெல்ல மறைந்தது. நான் மாட்டிய அதே 2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் வின்ஹெல்ப்பே இல்லை.

இப்போது கிளைக்கான செய்முறைக் குறிப்புகளை நான்தான் எழுதுகிறேன். சொல்லுக்கு விளக்கம் அதே வரியில், சுட்டிகள் எல்லாம் கடைசிப் படிக்குக் கீழே. "எதுக்கு சார் கீழ வரைக்கும் போகணும்?" என்று போன வாரம் புதுப் பையன் இந்தியில் கேட்டான். பழைய லெட்ஜர் கதையைச் சொன்னேன். லெட்ஜர் என்றால் என்ன என்று கேட்டான்.