இலங்கைப் பறவைகளை அறிந்த வரலாறு



அரசர்கள் ஆண்ட கதை மட்டுமே ஒரு நாட்டின் சரித்திரமாகிவிடாது. அந்நாட்டுக் காட்டையும் கடற்கரையையும் அங்கு வாழும் உயிர்களையும் மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதும் சரித்திரமேயாகும்.

இன்று பறவைகளைக் காண்பதற்கென்றே விடுமுறை எடுத்துக்கொண்டு பிறநாட்டார் பலர் இலங்கைக்கு வருகின்றனர். அவர்கள் கையிலே தொலைநோக்கி இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பறவையைத் தேடிச் சென்றவர் கையிலே இருந்ததோ துப்பாக்கி! இம்மாற்றத்தின் கதையையே இன்று கூற விரும்புகிறேன்.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. எனினும், மன்னாரின் உவர் நீர்நிலைகளில் பூநாரைக் கூட்டத்தைக் கண்ட ஒருவர், மறுநாளே நுவரெலியாவின் குளிர்ந்த காட்டில் மலைப் பறவைகளைக் காணலாம். வறண்ட வலயத்தில் குளங்கள். ஈர வலயத்தில் மழைக்காடுகள். வேறெந்த நாட்டிலும் காணப்படாத 30க்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்கு உண்டு. வடதேசங்களின் குளிருக்கு அஞ்சிப் புரட்டாதி, ஐப்பசியில் வந்து, சித்திரையளவில் திரும்பிச் செல்லும் விருந்தாளிகளும் உண்டு.

இவற்றை முதலில் ஓவியமாக்கத் தூண்டியவர்களுள் ஒருவர், 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தரின் தேசாதிபதியாயிருந்த லோட்டன் என்பவர். இலங்கையிலே பிறந்த டி பெவெரே என்னும் ஓவியர் அவருக்காகப் பறவைகளை வரைந்தார். ஒரு தேன்சிட்டு இன்றும் லோட்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில், 1846இல் வந்த லேயாட் என்பவர் பருத்தித்துறைப் பகுதியிலும் பறவைகளைத் தேடித் திரிந்தார். அவருக்குப் பின் வந்த படை அதிகாரி லெக் என்பவர், 1200க்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெருநூலை 1880இல் நிறைவுசெய்தார். அக்காலத்தில் பறவையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, நூதனசாலைக்கு அனுப்பி ஒப்பிட்டாலன்றி அதன் இனத்தைத் துணிய இயலாதென்றே கருதினர். அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆனால் அதற்குப் பறவைகள் கொடுத்த விலையும் சிறிதன்று.

நம் ஊரார் அறிந்த வழியோ வேறு. ஆள் வருவதைக் கண்டு கூவும் பறவைக்கு ‘ஆட்காட்டி’ எனப் பெயரிட்டனர். உயிருள்ள பறவையைக் கண்டும் கேட்டும் பிறந்த பெயரல்லவா அது!

விஞ்ஞானமும் மெல்ல மெல்ல அவ்வழிக்கே வந்தது. கொழும்பு நூதனசாலையிற் பணிபுரிந்த ஹென்றி என்பவர், தாமே வரைந்த படங்களுடன் 1955இல் ஒரு கைந்நூலை வெளியிட்டார். வயல் வரம்பில் நிற்கும் பறவையைக் கொல்லாமலே, பார்த்து இனங்காண அது பலருக்கு வழிகாட்டியது.

இக்கதையின் சிகரம் சிங்கராஜ வனத்திலே உள்ளது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அவ்வனத்தின் மரங்கள் வெட்டப்பட்டன. சுவிற்சர்லாந்திலிருந்து வந்து இங்கே வாழ்ந்த தீலோ ஹொஃப்மன் முதலானோர் அதனை எதிர்த்து வாதாடினர். அரசாங்கம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று.

பின்னர் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1995இல் கித்துள்கலைக் காட்டில், தீபால் வரகாகொட என்னும் ஆய்வாளர் இரவிலே இனந்தெரியாத குரலொன்றைக் கேட்டார். ஆறு ஆண்டுகள் அக்குரலைத் தொடர்ந்தார். 2001இல் சிங்கராஜ வனத்திலே அதற்குரிய சிறு ஆந்தையைக் கண்டார். விஞ்ஞானம் அதுவரை அறியாத இனம் அது! 2004இல் அதற்கு இடப்பட்ட விஞ்ஞானப் பெயரில் ஹொஃப்மனின் பெயர் விளங்குகிறது.

சிங்கராஜத்தின் மரங்கள் முற்றாக வீழ்ந்திருந்தால், அந்த ஆந்தையைக் கண்ட கண்ணுக்கு அங்கே காட்சியேது? இத்தனை நூல்களுக்குப் பின்னரும் ஒரு பறவை அறியப்படாமல் ஒளிந்திருந்தது. இன்னும் எத்தனை உயிர்கள் நம் காடுகளிலும் களப்புகளிலும் பெயரின்றி வாழ்கின்றனவோ! அவற்றை அறியுமுன்னே அழித்துவிடாதிருப்பது நம் கடமை.

அடுத்த விடுமுறையில், விடியுமுன் எழுந்து, உங்கள் ஊர்க் குளக்கரையிலே சற்றே மௌனமாக நின்று பாருங்கள்.