கண்டி ஏரிக்கரையும் வேலூர் அகழியும்: ஓர் அரசரின் இரு அரண்மனைகள்

வேலூர்க் கோட்டை அகழிக்குள் ஹைதர் மகால், திப்பு மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால் என ஐந்து மாளிகைகள் உள்ளன. ஆனால் மைசூர் ஆட்சியாளர்களான ஹைதரோ திப்புவோ இங்கிருந்து ஆண்டதில்லை. 1780-82இல் ஹைதரின் படை நீண்ட நாள் முற்றுகையிட்டும் கோட்டை வீழவில்லை. கோட்டையை எழுப்பியது 16ஆம் நூற்றாண்டின் விஜயநகர ஆட்சி. பின்பு பிஜப்பூர், மராத்தியர், நவாபு தரப்பு எனக் கைமாறிக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தார் இங்கே காவலில் வைக்கப்பட்டனர். மகால்களின் வரலாற்றை எழுத வேண்டிய கோணம் இந்தக் காவல்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான சான்று, இலங்கையின் கண்டி அரசர் காவலில் இருந்த கண்டி மகால். 1798இல் முடிசூடிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் மரபினர். கண்டியின் கடைசி அரசர். தலதா மாளிகைக்கும் அரண்மனைக்கும் முன்னிருந்த வயல்வெளியை அணைகட்டி ஏரியாக்கியவர் அவரே. ஊழியக் கடமையாக மக்களை வேலைவாங்கிய அந்தப் பணி, பிரதானிகளிடம் அவருக்கிருந்த பகையை இன்னும் வளர்த்தது. 1815 பிப்ரவரி 18இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாகி, நாடு அவர்கள் வசமானது.

அதன்பின் ஏரிக்கரை அரண்மனையை ஆங்கிலேயர் பங்குபோட்டுப் பயன்படுத்தினர். அரசர் மக்களுக்குக் காட்சிதந்த எண்கோண மண்டபம் சிறையாயிற்று. பிற்பாடு அங்கே ஓலைச்சுவடி நூலகம் வந்தது. அரசியரின் நீராடு மண்டபம் நூலகமானது. ஏரி நடுவிலிருந்த தீவு வெடிமருந்துக் கிடங்கு. முடியாட்சியின் நினைவை அழிக்க அரண்மனையை இடிக்க வேண்டியதில்லை, அலுவலகமாக்கினால் போதும் என்று ஆட்சியாளர் கண்டுகொண்டனர் போலும்.

1816இல் அரசர் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டுச் சென்னை வழியே வேலூர் வந்தார். திப்புவின் குடும்பம் அப்போது இங்கில்லை. தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையாலும் திருநீறு, நாமம், தாடி ஆகியவற்றுக்கு விதித்த தடையாலும் 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினர். கலகம் ஒடுங்கியதும் ஆங்கிலேயர் திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். ஒரு ராஜகுடும்பம் வெளியேறிய கோட்டையில் பத்தாண்டுக்குள் இன்னொன்று. ஏரி வெட்டிய அரசர் 1832 ஜனவரி 30இல் இறக்கும்வரை அகழிக்கு உள்ளேதான் வாழ்ந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்துமண்டபம் எழுந்தது 1990இல்.

பிற்காலத்தில் மகால்கள் காவலர் பயிற்சிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பயன்பட்டன. இந்த மாற்றங்களைச் சிதைவாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் எதிரி உள்ளே வராமலிருக்க வெட்டிய அகழி, கைதி வெளியே போகாமலிருக்கவும் உதவியது. அந்த வசதியை அடுத்தடுத்த அரசுகள் விடவில்லை. 1990களில் திப்பு மகால், விடுதலைப் புலிகள் இயக்கத்தினரை அடைத்துவைத்த சிறப்பு முகாம். 1995 ஆகஸ்டில் அங்கிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். கோட்டை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் 1806ஓடு நின்றுவிடுகின்றன. மகால்களின் பயன்பாட்டு வரலாறு 1995 வரையாவது நீள வேண்டும். கண்டி அரசரும் இந்த 43 பேரும் அதில் ஒரே அத்தியாயத்துக்கு உரியவர்கள்.