"ரெஃப்ரி, த்ரீ செகண்ட்ஸ்!": பள்ளிக் கூடைப்பந்தில் கோச்சுகள் தப்பா நினைக்கும் 6 விதிகள்

குன்றத்தூர், பம்மல், பல்லாவரம் பக்கம் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் 14 வயதுக்கு உட்பட்டோர் கூடைப்பந்து மேட்ச் பார்த்திருக்கீங்களா? பந்து சத்தத்தை விட ஒரு குரல் அதிகமா கேட்கும். "ரெஃப்ரி, த்ரீ செகண்ட்ஸ் பாருங்க!" கத்துவது கோச். ஆனா பல நேரம், விசில் ஊதாம நிற்கும் நடுவர்தான் சரி.

இந்தக் குழப்பம் ஏன் வருது? இதனால யாருக்கு நஷ்டம்? பார்க்கலாம்.

கோச்சுக்கே விதி தெரியாதா?

பள்ளிகளில் தனியா கூடைப்பந்து கோச் இருப்பது அபூர்வம். கபடி, கோ-கோ, வாலிபால், ஓட்டப்பந்தயம் எல்லாத்தையும் பார்க்கும் அதே பி.டி. மாஸ்டர்தான் குறுவட்டப் போட்டிக்கு கூடைப்பந்து அணியையும் கூட்டிட்டு வருவார்.

இன்னொரு காரணம், விதிகள் மாறிட்டே இருக்கு. சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா, 2000ஆம் ஆண்டில் 20 நிமிட இரண்டு பாதிகளை 10 நிமிட நான்கு குவார்ட்டர்களாக மாற்றியது. ஷாட் அடிக்க இருந்த 30 விநாடி 24 ஆனது. 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரில் இருந்து 6.75 மீட்டருக்குப் போனது. மாஸ்டர் காலேஜில் விளையாடியபோது கற்றது அன்னைக்கு சரி. இன்னைக்கு இல்லை.

மூன்றாவது காரணம் மொபைல். நாம் பார்க்கும் அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளின் விதி வேறு. நம்ம ஊரில் ஆடுவது ஃபிபா விதி. என்.பி.ஏ.வில் 6 ஃபவுலுக்கு வெளியே போகணும், இங்கே 5 ஃபவுல்.

அடிக்கடி சண்டை வரும் 6 இடங்கள்

1. த்ரீ செகண்ட்ஸ்: தாக்கும் அணி வீரருக்கு மட்டும்தான் இந்த விதி. அவரது அணி எதிரணிப் பாதியில் பந்தை வைத்திருக்கும்போது மட்டும் எண்ணுவாங்க. ஷாட் கையை விட்டுப் போனதும் எண்ணிக்கை முடிஞ்சுது. ரீபவுண்டுக்கு முட்டி மோதும்போது த்ரீ செகண்ட்ஸ் கிடையாது. தடுப்பவர் கூடைக்குக் கீழே எவ்வளவு நேரமும் நிற்கலாம். அவருக்கும் 3 விநாடிக் கணக்கு வைப்பது என்.பி.ஏ. விதி.

2. டிராவல்: பந்தோடு கீழே விழுந்தாலே டிராவல் இல்லை. விழுந்து சறுக்கலாம். பந்தைப் பிடிச்சபடி உருண்டாலோ, எழுந்திருக்க முயன்றாலோதான் தப்பு. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவரின் காலடியை எண்ணும் முறையும் 2017இல் மாறியது. பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதுக்கு அப்புறம்தான் இரண்டு அடி.

3. பின்னாடி இருந்து எடுத்துட்டான்: உயரமான பையன் பின்னால் நின்று எம்பி ரீபவுண்டு எடுப்பது ஃபவுல் இல்லை. முன்னால் இருப்பவரை இடித்தாலோ தள்ளினாலோதான் ஃபவுல்.

4. அவன் நகர்ந்தான் சார்: தடுப்பவர் சிலை மாதிரி நிற்க வேண்டியதில்லை. எதிராளியைப் பார்த்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி ஒரு முறை இடம் பிடித்துவிட்டால் போதும். அப்புறம் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம். அவர் நெஞ்சில் வந்து மோதினால் ஃபவுல் பந்து வைத்திருப்பவர் மேல்தான்.

5. டைம் அவுட்: நடுவரைப் பார்த்துக் கத்தினா கிடைக்காது. ஸ்கோர் டேபிளில் தலைமை கோச்சோ முதல் உதவி கோச்சோ கேட்கணும். பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரமும் நின்றிருந்தால் கிடைக்கும், அல்லது எதிரணி கூடை போட்டதும் கிடைக்கும். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3.

6. ஜம்ப் பால்: இரண்டு பேர் பந்தைப் பிடித்து இழுத்தால் மறுபடி தூக்கிப் போட மாட்டாங்க. டேபிளில் உள்ள அம்புக்குறி காட்டும் அணிக்குத்தான் பந்து.

கோச் கேள்வியே கேட்கக் கூடாதா?

தாராளமா கேட்கலாம். பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரம் நின்றிருக்கும்போது தலைமை கோச் நடுவரிடம் மரியாதையாகப் பேச விதியே அனுமதிக்குது. ஆட்டத்தின் இறுதி முடிவை எதிர்க்க அணி விரும்பினால், ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் கேப்டன் முதன்மை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட்டு முறையிடலாம்.

எல்லை மீறினால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ. கோச்சின் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் வந்தால் அவர் வெளியே போகணும். ஒரு புள்ளியில் முடியும் மேட்சில், கோச் கத்தியதுக்கு விலை கொடுப்பது பசங்கதான்.

நடுவர் என்ன செய்யலாம்?

* மேட்ச்சுக்கு முன்பே இரண்டு கோச்சையும் கூப்பிட்டு, ஆட்ட நேரம், 24 விநாடிக் கடிகாரம் உண்டா இல்லையா என்று பேசிவிடுவது நல்லது.
* கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். "இடிக்கலை சார், எம்பி எடுத்தான்" என்றால் போதும். வெறும் கத்தலுக்குப் பதில் தேவையில்லை.
* முதலில் எச்சரிக்கை. அப்புறமும் தொடர்ந்தால் கோபப்படாமல் டெக்னிக்கல்.

இதுல என்ன பெரிய விஷயம்?

உள்ளூர் மேட்ச்சில் விசில் ஊதுவது பெரும்பாலும் முன்னாள் வீரர் அல்லது காலேஜ் மாணவர். வாராவாரம் திட்டு வாங்கினால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார். நடுவர் இல்லாமல் போட்டியே இல்லை. அதைவிட முக்கியம், தப்பான விதியைக் கற்ற குழந்தை மாவட்டப் போட்டியிலோ முதலமைச்சர் கோப்பையிலோ ஆடும்போது, விழுந்ததும் பந்தை விட்டுவிட்டு விசிலுக்காகக் காத்திருக்கும். எதிரணி எடுத்துட்டுப் போயிடும்.

ஃபிபா விதிப் புத்தகம் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்குது. ஆங்கிலம் சிரமம் என்றால், மேட்ச் முடிந்த பிறகு அந்த நடுவரிடமே ஐந்து நிமிடம் கேளுங்க. கூடவே பசங்களையும் நிற்க வைங்க.