புழல் ஏரியில் இறங்கிய விமானங்கள்

புழல் ஏரியில் விமானம் இறங்கியது என்று சொன்னால் செங்குன்றத்துக்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் இறங்கியது. 1942லிருந்து போர் முடியும்வரை பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆவது ஸ்குவாட்ரன் இந்த ஏரியிலிருந்துதான் கேடலினா விமானங்களை ஓட்டியது. படகு மாதிரி அடிவயிறு, 104 அடி நீள இறக்கை. தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும்.

ஏன் இங்கே? 1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கேடலினாதான் ஜப்பானியக் கப்பற்படை வருவதை முதலில் பார்த்துச் சொன்னது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய மாதம் அது. வங்காள விரிகுடாவை மணிக்கணக்கில் சுற்றிப் பார்க்கும் விமானம் வேண்டும், அது நிற்க அலையில்லாத தண்ணீர் வேண்டும். நகரத்துக்குப் பக்கத்திலேயே புழல் இருந்தது.

இந்த விமானங்களுக்குப் படங்கள் உண்டு. நான் பார்த்தவை எல்லாமே விமானப்படைக்காரர்கள் எடுத்தவை. ஏரிக்கரையிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் எடுத்த படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. தினமும் தலைக்கு மேல் பறந்ததை வருஷக்கணக்கில் பார்த்த ஊர் இது.

கருவி இல்லாததால் என்று சொல்லிவிட முடியாது. டெலிஃபோட்டோ லென்ஸ் 1891லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் டால்மேயர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் மீத்தேயும் தனித்தனியாக அதே வருஷம் கண்டுபிடித்தார்கள். யோசனை எளிமையானது: முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகள், பின்னால் அதைக் கொஞ்சம் விரிக்கும் கண்ணாடிகள். குவிய தூரம் நீளும், குழாய் நீளாது. விலைதான் சாமானியனுக்கு எட்டாதது. ஆனால் அதைவிடப் பெரிய தடை வேறு.

இதே போரில் பிரிட்டன் தன் மக்களை என்ன செய்தது என்று பாருங்கள். போர்க்காலத்தில் அங்கேயும் படம் எடுக்கக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அண்ணாந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நிழலுருவை வைத்து நம்ம விமானமா, எதிரி விமானமா என்று பிரித்தறிய ராயல் அப்சர்வர் கோர் தன்னார்வலர்களைப் பழக்கியது. 1941லிருந்து அதற்கென்றே ‘ஏரோபிளேன் ஸ்பாட்டர்’ என்ற பத்திரிகை வந்தது. போர் முடிந்ததும் அந்தப் பழக்கம் பொழுதுபோக்காக மாறியது. பையன்கள் நோட்டும் பைனாகுலருமாக விமான நிலைய வேலியோரம் நின்றார்கள். பிறகு கேமராவோடு நின்றார்கள்.

நமக்குக் கிடைத்தது விதி எண் 13. 1937ஆம் வருஷத்து இந்திய விமான விதிகளில் உள்ளது. அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் படம் எடுக்கக்கூடாது. சுதந்திரம் வந்தும் அது போகவில்லை. 2020 செப்டம்பரில்கூட விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதே விதியைத்தான் நினைவூட்டியது. வேலிக்கு வெளியே நின்றால் பிரச்சினை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010ல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் தங்கி விமானங்களைக் கவனித்த இரண்டு பிரிட்டிஷ்காரர்களைப் பிடித்தார்கள். அவர்கள் ஊர் திரும்ப ஏப்ரல் ஆகிவிட்டது. லென்ஸ் நீளமாக நீளமாக, சந்தேகமும் நீளும்.

ஜனங்களை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு செங்குன்றத்துக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சோழவரத்தில் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளத்தில், 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார் பந்தயம் நடத்தியது. பந்தயக் காலத்து சோழவரத்துக்குப் படங்கள் நிறையவே இருக்கின்றன. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் கேமராவோடு போனார்கள். அதே தாரில் முன்பு ஓடிய விமானங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனாலும் 2019ல் இஸ்ரோ அங்கே பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் திறந்தது. ராக்கெட்டைப் பார்க்கலாம் என்று அரசே சொன்னது. நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பார்ப்பவனை நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒரு கணக்கு. 10 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஏ320 விமானம் 37.57 மீட்டர் நீளம். 400 மி.மீ. லென்ஸில் அது சென்சார் மேல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் விழும். 36 மி.மீ. அகல சென்சாரில் 24ல் ஒரு பங்கு. வெயில் ஏறிவிட்டால் தகரக் கூரைகளின் கானல் அதையும் கலைத்துவிடும். அதனால் விடியற்காலையில் எடுக்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு ஒரு புள்ளியை எடுப்பது என்று கேட்பவர்கள், 2019 ஏப்ரலில் நின்றுபோன ஜெட் ஏர்வேஸை நினைத்துப் பார்க்கலாம். அந்த நிறமும் அந்த வாலும் இன்றைக்குப் படத்தில்தான் இருக்கின்றன. எனவே எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தோடு தேதி, நேரம், நின்ற இடம், விமானத்தின் பதிவெண் நான்கையும் குறித்து வையுங்கள். புழல் ஏரிக்கரையில் 1942ல் ஒருத்தர் அப்படிக் குறித்து வைத்திருந்தால், இந்தக் கட்டுரையை அந்தப் படத்திலிருந்தே ஆரம்பித்திருப்பேன்.