மலை சுற்றலும் வலம் வருதலும்

ஆங்கிலத்தில் 'கோ ரவுண்ட்' என்றால் சுற்றுவது. ஒரு செய்தி பரவுவதும் அதுவே, பந்தியில் சோறு எல்லோருக்கும் போதுவதும் அதுவே. வினை அப்படியே இருக்க, பின்னால் ஒட்டிய சிறுசொல்தான் பொருளைத் திருப்புகிறது. தமிழில் அந்த ஒட்டு முன்னால் வரும்: 'வலம் வா'. திருவண்ணாமலையில், மலையைச் சுற்றும் பாதையாக, இந்தச் சொல்லின் நீளம் 14 கிலோமீட்டர். கிழக்கே பெரிய கோயிலில் புறப்பட்டுத் தெற்கே திரும்பியவர், மேற்கில் அடி அண்ணாமலையின் ஆதி அருணாசலேசுவரர் கோயிலை எட்டும்போது, புறப்பட்ட கோபுரம் மலைக்கு அந்தப்புறம் மறைந்திருக்கும். வலக்கைப் பக்கம் மலை மட்டும் விலகாது. மலை வலக்கையில் இருப்பது 'வலம்'. தொடங்கிய இடத்துக்கே திரும்புவது 'வா'. பக்தி பிறகு வந்து சேர்ந்த பொருள் என்பேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வலம் செய்வது மணத்தீயை. ஞாயிறு வலமாகத் திரிவது மேருவை.

மனம் ஒன்றாமல் சுற்றினால் அது வலமாகுமா என்று கேட்கலாம். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமே பதில் சொல்கிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையேறி ஒரு புனுகுப்பூனையைத் துரத்துகிறான். உயிருக்குப் பயந்து ஓடிய பூனை மலையைச் சுற்றிவிடுகிறது. பூனைக்கும் குதிரைக்கும் சாபவிமோசனம். சேணத்தில் உட்கார்ந்திருந்த அரசனோ கீழே விழுந்து கிடக்கிறான். நினைப்பைவிட நடந்த கால்களுக்கே கதை மதிப்பெண் போடுகிறது.

இன்னொரு தடை: ஊர்க்காரர்களே 'மலை சுத்தப் போறோம்' என்றுதானே சொல்கிறார்கள்? சரிதான். ஆனால் வெறும் 'சுற்று' என்பதற்குத் திசை இல்லை. 'ஊர் சுற்றி' என்பது வசைச்சொல். முன்னால் 'மலை' வந்ததும் திசையும் திரும்புதலும் தானாக ஒட்டிக்கொள்கின்றன. எனக்கு இடறுவது பத்திரிகை வழக்கு. வதந்தி வலம் வருகிறது என்பதையாவது மன்னிக்கலாம், கிளப்பியவர் காதுக்கே அது திரும்பி வருவதுண்டு. 'முன்னணி நாயகியாக வலம் வந்தார்' என்பதில் வலமும் இல்லை, வருகையும் இல்லை. மலையையே சிவனாக வணங்கும் திருவண்ணாமலையிலோ, கார்த்திகைத் தீபத்தை ஒட்டியும் தைப் பொங்கலை அடுத்த திருவூடலை ஒட்டியும், ஆண்டுக்கு இருமுறை கோயிலின் இறைவன் அண்ணாமலையாரே அடி அண்ணாமலை வழியாக மலையை வலம் வருகிறார்.